தள்ளி வைக்கக்கூடியவை

செத்தவர்களுக்கு இடம் ஒதுக்கி முடித்தாயிற்று. அதில் ஒருத்தருக்கும் ஒரு சிரமமும் இருக்கவில்லை. அடுத்த பெருந்தொற்று வந்தால் எந்தச் சுடுகாட்டுக்கு எந்த வண்டி, குழி தோண்ட யாருடைய ஜேசிபி, சாம்பலை யார் கையில் கொடுப்பது என்றெல்லாம் டீ வருவதற்கு முன்பே மளமளவென்று முடிவாகி, கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கில் எல்லோரும் கல்யாணச் சமையலுக்குச் சாமான் எழுதி முடித்த திருப்தியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். மதுக்கடையை எத்தனை மணிக்குத் திறப்பது என்பதிலும் சண்டை இல்லை. அங்கேயும் ஒற்றுமைதான். சண்டை வந்து நின்றதெல்லாம் உயிரோடு இருக்கிறவர்கள் விஷயத்தில், அதிலும் பெண்பிள்ளைகள் விஷயத்தில். மேஜையின் கோடியில், திட்டத்தைத் தொகுத்தவள் என்ற முறையில், துணை ஆட்சியர் சங்கரவடிவு உட்கார்ந்திருந்தாள். ஏசிக் காற்று நேராகப் பிடரியில் அடித்தது. குமட்டிக்கொண்டு வந்ததை வாயில் ஒரு ஏலக்காயைப் போட்டு அடக்கிக்கொண்டாள். வயசு நாற்பத்து மூன்று. மகள் ப்ளஸ் டூ, மகன் எட்டாவது. இப்போது இது. போன வாரம் ஸ்கேன் பார்த்த டாக்டர் ஹெலன், “உங்க பிரஷருக்கு நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன் வடிவு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்தா மாத்திரையோட போயிடும், அதுக்கு மேல ஆனா வேற மாதிரிதான் செய்யணும்” என்று இன்று காலையில் போனில் சொல்லிவிட்டாள். ஹெலனின் கிளினிக் பக்கத்து ஊரில், கார் போனால் ஒரு மணி நேரம். மத்தியானத்துக்குள் கூட்டம் முடிந்துவிடும் என்றுதான் வடிவு நினைத்திருந்தாள். மத்தியானம் போய் வெயிலும் சாய ஆரம்பித்துவிட்டது. இந்த மகானுபாவர்கள் இன்றைக்கென்று பார்த்து எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் பார். கடவுளுக்கு நக்கல் ஜாஸ்தி.

விஷயம் இவ்வளவுதான். ஊரடங்கு வந்தாலும் ஆஸ்பத்திரியில் நிற்காமல் நடக்க வேண்டிய வேலைகள் என்று வடிவு தன் கைப்பட எழுதியிருந்தாள்: பிரசவம், டயாலிசிஸ், பாம்புக்கடி, கருக்கலைப்பு. சட்டம் எந்தக் காலத்திலோ அனுமதித்துவிட்டது, இதில் புதுசாக ஒன்றும் இல்லை. அது சுகாதார இணை இயக்குநர் டாக்டர் குலசேகரனின் மேஜைக்குப் போய்த் திரும்பி வந்தபோது கடைசி வார்த்தை மட்டும் அடிபட்டு, அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. அங்கே பல் செட் கட்டுவதற்கும் ஆணிக்கால் எடுப்பதற்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கத்தின் தலைப்பும் ஒரு கூத்து. அதைத் தமிழில் மொழிபெயர்த்த ஆபீஸ் கண்காணிப்பாளர் வாழ்நாளெல்லாம் ஓட்டுப்பெட்டி தூக்கிய மனுஷன், அவசரமில்லை என்று அர்த்தப்படும் எலெக்டிவ் என்ற வார்த்தையைப் பார்த்ததும் கை தானாக ஓடி ‘தேர்தல் அறுவை சிகிச்சைகள்’ என்று எழுதிவிட்டார். முதல் கூட்டத்தில் அதை வாசித்தபோது மாவட்டமே சிரித்தது. சிரித்து முடித்து, மூளையைக் கசக்கி, இந்தப் பெரிய மனுஷர்கள் கண்டுபிடித்த மாற்று: ‘தள்ளி வைக்கக்கூடியவை’. அந்தக் கண்காணிப்பாளரின் தமிழே தேவலை என்று வடிவுக்கு இப்போது தோன்றியது. தேர்தலிலாவது பொம்பளைக்கு ஒரு ஓட்டு உண்டு. தள்ளி வைக்கக்கூடியவை. தள்ளி வை. தள்ளி உட்காரு. தள்ளுபடி, தள்ளுமுள்ளு. புருஷன் தள்ளி வச்சுட்டான். வயசுக்கு வந்த புதிதில் மாசத்தில் மூன்று நாள் அம்மா தள்ளி உட்கார வைத்த அந்தப் பின்கட்டு அறை, தனித் தட்டு, தனிப் பாய். எப்போதும் தள்ளுகிற கை ஒன்று இருக்கிறது, அந்தக் கைக்கு மட்டும் ஒன்றுமே தள்ளிப் போவதில்லை. அதற்குப் பசித்தால் உடனே சோறு, தலைவலித்தால் உடனே மாத்திரை. வடிவுக்குத் தலை வலித்தது.

“எமர்ஜென்சின்னா என்ன சார்? ரத்தம் வரணும், மூச்சுத் திணறணும்,” என்று குலசேகரன் சொல்லிக்கொண்டிருந்தார். முழங்கையை மேஜையில் ஊன்றி, பேனாவைக் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டு. “இது அப்படியா? நடந்து வர்றாங்க, நடந்து போறாங்க. வார்டு பூராவும் தொற்று கேஸா கிடக்கும்போது இதுக்கு ஒரு தியேட்டர், ஒரு நர்ஸுன்னு ஒதுக்க முடியுமா? பத்து நாள் பொறுத்தா என்ன குடி முழுகிப் போகுது?” பொறுத்தா. பத்து நாள் பொறுத்தால் அது பத்து நாள் வளரும் ஐயா, அதற்கு ஊரடங்கு உத்தரவை யாரும் வாசித்துக் காட்டவில்லை. இந்த ஆளுக்கு ஒரு பல் ஆடியபோது அரை மணி நேரம் பொறுக்க முடியாமல் தாடையைப் பிடித்துக்கொண்டு ஆய்வுக் கூட்டத்திலிருந்து ஓடியதை வடிவு கண்ணால் பார்த்திருக்கிறாள். டாக்டருக்குப் படித்தவர். படித்ததை எங்கே கொண்டு போய்க் கொட்டினாரோ. ஏலக்காய் கரைந்துவிட்டது. இன்னொன்றை எடுக்கப் பையைத் திறந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். பார்த்தால் என்ன? பார்த்தால், மேடத்துக்கு என்ன வாய் நமநமங்குது என்பான் ஒருத்தன். இன்னொருத்தன் கணக்குப் போடுவான். கேன்டீனில் வடை தின்றுகொண்டே கணக்குப் போடுவார்கள். இந்த வயசுலயா, மேடம் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் சாரு லேசுப்பட்ட ஆளு இல்லப்பா. அந்தச் சிரிப்பு இப்போதே காதில் விழுந்தது. பயமாக இருந்தது. வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகு விட்டவள், மணல் லாரியை மறித்து நின்றவள், அவளுக்கு இந்த நாலு பேர் வடை தின்கிற சிரிப்பை நினைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது. தூ என்று தன்னையே துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆவுடையப்பன் நல்லவன்தான். கூட்டுறவு வங்கி மேனேஜர், அதட்டிப் பேசத் தெரியாது. அவளிடம் விஷயத்தைக் கேட்டதும் முதலில் முகம் மலர்ந்தான், அந்த மலர்ச்சியைத்தான் அவளால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஏதோ பரிசுச் சீட்டு விழுந்த மாதிரி. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுருங்கி, “சரி, அவசரப்பட வேண்டாம் வடிவு. ரெண்டு வாரம் ஆறப் போட்டு யோசிப்போமே” என்றான். ஆறப் போட இது என்ன வடித்த சோறா? யோசிப்போமே என்று பன்மையில் சொல்வதில் என்ன ஒரு பெருந்தன்மை. கால் வீங்குவது ஒருமையில், பிரஷர் ஏறுவது ஒருமையில், சின்னவன் பிறந்தபோது கண் இருட்டிக் கட்டிலோடு கிடந்தது ஒருமையில், யோசிப்பது மட்டும் பன்மையில். அவனிடம் காரணம் சொன்னாள். பிரஷர், வயசு, மகளின் பரீட்சை, பிரமோஷன், வரிசையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆபீஸில் லீவு கேட்கிற மாதிரி. உண்மையான காரணம் ஒன்றுதான், அது வேண்டாம் என்பது. வேண்டாம் என்றால் வேண்டாம். ஒரு கத்தரிக்காயை வேண்டாம் என்றால் கடைக்காரன் கூட ஏன் என்று கேட்பதில்லை. பிள்ளைகள் மேல் பிரியம் இல்லாமலா? உயிரையே வைத்திருக்கிறாள் இரண்டின் மேலும். அதனால்தான் தெரியும், எவ்வளவு வைக்க வேண்டியிருக்கும் என்று. இனி வைக்க இல்லை. அவ்வளவுதான்.

“கரு என்பது என்ன ஐயா?” என்று இப்போது ஏகாம்பரம் ஆரம்பித்தார். உயிர்த்துளி அறக்கட்டளை என்று ஒன்றை நடத்துகிறார், கிரானைட் வியாபாரம், சமூகப் பிரதிநிதி என்று இந்தக் குழுவில் ஒரு நாற்காலி. நெய் ஊற்றின குரல். “எந்தத் தொற்று நோய் வந்தாலும் நாம உயிரைக் காப்பாத்தத்தானே திட்டம் போடுறோம்? ஒரு பக்கம் உயிரைக் காப்பாத்துறோம்னு சொல்லிட்டு, அதே அரசாங்க ஆஸ்பத்திரியில இன்னொரு பக்கம் கருவை அழிக்கிறதுன்னா? அந்தப் பச்சை மண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? தள்ளி வைக்கிறது கூட இல்லை ஐயா, அந்தச் சமயத்துல அடியோட நிறுத்தணும்.” அவர் குவாரியில் போன வருஷம் பாறை சரிந்து நசுங்கிச் செத்தவனுடைய பொண்டாட்டி கைப்பிள்ளையோடு மனுநீதி நாளில் மூன்று தடவை வந்து நின்றாள். பிறந்து விட்டதல்லவா, அது பச்சை மண் கணக்கில் வராது போலிருக்கிறது. பேச்சுக்குப் பேச்சு கரு கரு என்கிறார். ஒரு தடவையாவது அது எதற்குள் இருக்கிறது என்று சொல்கிறாரா? அந்தரத்தில் தொங்குகிறது அவருடைய கரு. சுற்றிலும் ஒரு பொம்பளை இருக்கிறாள், அவளுக்குக் குமட்டுகிறது, அவள் கழுத்தில் ஏசி அடிக்கிறது என்பதெல்லாம் அவர் கணக்கிலேயே இல்லை.

எதிர்ப்பக்கத்துப் புரவலர் அதைவிட மோசம். ஓய்வு பெற்ற பேராசிரியர் இளவழுதி தொண்டையைச் செருமினார் என்றால் அரை மணி போயிற்று என்று அர்த்தம். “பெண்ணின் உடல் பெண்ணுக்கே உரியது என்பது வரலாற்றின் தீர்ப்பு” என்று மேடையில் நிற்கிற மாதிரி எடுத்து, சங்க காலத்துக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பா போய், எங்கோ ஒரு தேசத்தில் பெண்கள் ஊர்வலம் போன கதையில் வண்டியை நிறுத்தினார். வடிவு ஒரு தடவை வாய் திறந்தாள். “சார், போன தொற்று சமயத்துல நம்ம மாவட்டத்துலயே...” அவர் கையை உயர்த்தினார். “இரும்மா, நான் உங்களுக்காகத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்.” எனக்காக. ஐயோ, எனக்காகவாம். அந்த மனுஷன் தன் மகளை அவள் விரும்பின பையனுக்குக் கட்டித்தர மாட்டேன் என்று ஒரு வருஷம் பேசாமல் இருந்தது ஊருக்கே தெரியும். பெண்ணின் உடல் பெண்ணுக்கே, பெண்ணின் வாய் மட்டும் இவருக்கு. ஏகாம்பரத்தையாவது எதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஆதரவை என்ன செய்வது, எங்கே கொண்டு போய் வைப்பது?

வடிவு சொல்ல வந்தது முனீஸ்வரியை. அந்த முதல் ஊரடங்கில் வடிவு தாசில்தார், ஊர் எல்லைச் சோதனைச் சாவடியில் டியூட்டி. தார் ரோடு கொதிக்கிறது, முகக்கவசத்துக்குள் வேர்வை உப்புக் கரிக்கிறது. தீப்பெட்டி ஒட்டுகிற பொம்பளை ஒருத்தி, முப்பது வயசுக்குள், மூன்று பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு நடந்து வந்தாள். போலீஸ்காரன் நாலு பேர் கேட்க, “எந்த ஆஸ்பத்திரி? என்ன நோவு? வாயத் திறந்து சொல்லு, காய்ச்சலா?” என்று கத்தினான். அவள் புடவைத் தலைப்பை வயிற்றின் மேல் இழுத்துக்கொண்டு நின்றாள். வடிவு கையைக் காட்டி விடச் சொன்னாள். சாயங்காலம் அதே ரோட்டில் அவள் திரும்பி வந்து, தானாகவே வடிவிடம் வந்து நின்று சொன்னாள். “பிரசவ வலின்னா வா, இதுக்கெல்லாம் ஊரடங்கு முடிஞ்சு வான்னுட்டாங்க. ஊரடங்குனா வயிறும் சேந்து அடங்குமா மேடம்?” வடிவு இரண்டு டாக்டர்களுக்குப் போன் போட்டாள். ஒருத்தர் எடுக்கவில்லை, ஒருத்தர் மேலிடத்து உத்தரவு என்றார். நாலாவது பிள்ளை பிறந்தது. போன வருஷம் மனுநீதி நாளில் அதைக் கூட்டிக்கொண்டு முனீஸ்வரி வந்திருந்தாள், வீட்டு மனைப் பட்டா விஷயமாக. சுருட்டை முடியும் ஓட்டைப் பல்லுமாக ஒரு குட்டி, கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டு, வடிவின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தது. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஏகாம்பரம் பார்த்தால் தூக்கிக்கொண்டு போய் போஸ்டரில் ஒட்டிவிடுவார், பாருங்கள் ஐயா இந்த உயிரையா என்று. முனீஸ்வரியே பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு சொன்னாள்: “இவளைப் பத்தி ஒரு கொறை சொல்ல மாட்டேன் மேடம். எங்க வீட்டு ராசாத்தி. ஆனா அன்னைக்கு நான் கேட்டேன்ல. கேட்டதுக்கு ஒரு ஆளு என் மூஞ்சியப் பாத்து பதில் சொல்லல.” இதை எப்படி இந்த அரங்கில் சொல்வது? பிள்ளை நன்றாக இருக்கிறது என்றால் ஏகாம்பரம் ஜெயித்தார். முனீஸ்வரி கஷ்டப்படுகிறாள் என்றால் இளவழுதி ஜெயித்தார், இன்னும் அரை மணி பேசுவார். முனீஸ்வரி மட்டும் எந்தப் பக்கமும் ஜெயிக்கவில்லை.

தனக்கு மட்டும் இன்றைக்கு எல்லாம் திறந்து கிடக்கிறது. ரோடு திறந்திருக்கிறது, ஹெலன் காத்திருக்கிறாள், கீழே ஆபீஸ் ஜீப்புக்குப் பதில் சொந்தக் கார் நிற்கிறது. தொற்று இல்லாத காலமாகப் பார்த்து வயிற்றில் வந்ததால் தப்பித்தாள். அவள் தப்பித்துப் போய் மாத்திரையை முழுங்கிவிட்டு, நாளைக்கு வந்து இந்தப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போடுவாள், இனி வருகிறவள் எவளாக இருந்தாலும் தள்ளி வைக்கலாம் என்று. அடேயப்பா, நல்ல உத்தியோகம். இந்த மூன்று பேரையும் இவ்வளவு நேரம் மனசுக்குள் கிழித்தாயே, வாயைத் திறந்து என்ன கிழித்தாய்? வாய் திறந்தால் தெரிந்துவிடும் என்று பயம். ஏன் மேடத்துக்கு இவ்வளவு ஆவேசம் என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுக் கணக்குப் போடுவார்கள். வடிவு கடிகாரத்தைப் பார்த்தாள், இப்போது எழுந்தால்தான் போய்ச் சேரலாம். எதிரே சுருக்கெழுத்தர் ரெஜினா பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

கலெக்டர் மொஹந்தி கையைத் தட்டினார். ஒடிசாக்காரர், சின்ன வயசு, இந்த மாவட்டத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. தமிழ்ப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவர், பேசினால் பாடப் புத்தகம் எழுந்து நடந்து வருகிற மாதிரி இருக்கும். “அனைவரின் கருத்துகளும் மிகச் சிறப்பு. நேரம் குறைவாக உள்ளது. எனவே இணை இயக்குநர் கூறியவாறே, இந்தச் சிகிச்சை தள்ளி வைக்கக்கூடியவற்றில் இருக்கட்டும். எவருக்கும் ஆட்சேபணை இல்லை அல்லவா?” குலசேகரன் தலையாட்டினார். ஏகாம்பரம் அடியோடு நிறுத்தாத வருத்தத்தோடு தலையாட்டினார். வரலாற்றின் தீர்ப்பைச் சொன்ன இளவழுதி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதோ என்னவோ, அவரும் ஆட்டினார். “மேடம், ஒருமனதாக என்று பதிவு செய்துகொள்ளலாமா?”

வடிவு எழுந்து நின்றாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு சார்.”

ரெஜினாவின் பென்சில் நின்றது. குலசேகரனின் பேனா நின்றது. கலெக்டர் மட்டும் அவசரமாகக் காகிதங்களைப் புரட்டினார்.

“எந்த நாள், மேடம்? தொற்றுத் திட்டத்தின் ஒத்திகை நாளா? அதைத் தள்ளிப் போடுமாறு நான் உத்தரவிடவில்லையே. யார் தள்ளிப் போட்டார்கள்?”

கலெக்டர் தலையை நிமிர்த்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஏதோ தப்பாகிவிட்டது என்று மட்டும் அவருக்குப் புரிந்தது, பாவம்.

“சாருக்குப் புரியலை,” என்றாள் வடிவு. குரல் அவள் நினைத்ததைவிடத் தெளிவாக வந்தது. “டாக்டர், நீங்க சொல்லுங்க. நீங்க படிச்சதுதானே.”

குலசேகரனுக்குக் காது சிவந்தது. “அது வந்து சார்...” என்றார். அதற்கு மேல் வந்தது போகவில்லை. ஐரோப்பா வரைக்கும் போய் வந்த இளவழுதி கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நான் தவறாக ஏதும் கேட்டுவிட்டேனா?” கலெக்டர் கடைசியில் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். “ஐயா, தாங்களாவது கூறுங்கள்.”

ஏகாம்பரம் வடிவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். குரலில் நெய் வற்றிப் போயிருந்தது. “அது அவங்க வீட்டு விஷயம் சார். அதெல்லாம் இங்க வச்சுப் பேசக் கூடாது.”

“எழுதிக்கிட்டீங்களா ரெஜினா?” வடிவு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அது அவங்க வீட்டு விஷயம், இங்க வச்சுப் பேசக் கூடாது. கருக்கலைப்புங்கிற வரிக்கு நேரா, ஐயா சொன்னதை ஐயா வார்த்தையிலேயே போடுங்க. வேற யாரும் மறுத்துப் பேசலை. ஒருமனதாகன்னு போட்டுக்குங்க.”